அப்பாவை யாரும் கேட்கவில்லை

எழுபதுகளின் நடுவில், திருகோணமலை நீதிமன்றத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். கப்பலில் இருந்து சாமான் இறக்கும்போது கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டுவதுதான் அவருடைய வேலை. விரலை உயர்த்திச் சுழற்றினால் தூக்கு, உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. சோறு போதுமென்றால் வாய் திறக்கமாட்டார், உள்ளங்கைதான் விரியும். இன்னும் வேண்டுமென்றால் விரல் சுழலும். நானும் அண்ணாவும் அதைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்தவர்கள்.

பாரிசவாதம் வந்து அப்பாவின் பேச்சும் வலது பக்கமும் போயின. ஓர்ஸ் ஹில்லில் இருந்த அப்பாவின் வீட்டில் நான்தான் அவரை வைத்துப் பார்த்தேன். இடது கையால் சைகை காட்டுவார், எனக்கு எல்லாம் விளங்கும். கொழும்பிலிருந்த அண்ணா, அப்பாவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை, தன்னைப் பொறுப்பாளராக்க வேண்டும் என்று வழக்குப் போட்டுவிட்டார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வீட்டை விற்பதுதான் திட்டம். நான் சண்டைக்குப் போனபோது, "கட்டிக் குடுத்த பொம்பிளைக்கு இதில என்ன கதை?" என்றார். சொந்தக்காரரும் தலையாட்டினார்கள். மூத்திரத் துணி தோய்க்க மட்டும் நான் மகளாம்!

வழக்கன்று அப்பாவைக் கதிரையில் இருத்திவிட்டு, அவர் தலைக்கு மேலாலேயே எல்லோரும் கதைத்தார்கள். அண்ணாவுக்காக வாதாட வந்த அப்புக்காத்து, "இவருக்கு ஒன்றும் விளங்காது" என்றார். எனக்குப் பொறுக்க முடியவில்லை. எழும்பிக் கத்தினேன்.

"ஐயா, அவரையே ஒருக்காக் கேளுங்கோவன்!"

நீதிபதி அதட்டுவார் என்று நினைத்தேன். அவரோ அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஐயா, மகனோட கொழும்புக்குப் போக விருப்பமோ?"

அப்பாவின் உள்ளங்கை அண்ணாவுக்கு நேரே விரிந்தது.

"இஞ்ச மகளோட இருக்கவோ?"

விரல் எழும்பிச் சுழன்றது.

அது துறைமுகச் சைகை, கை விரிந்தால் வேண்டாம், விரல் சுழன்றால் வேண்டும் என்று நான் சொன்னேன். மகள் கட்டிவிடும் கதை என்றார் அப்புக்காத்து. நீதிபதி அண்ணாவையே கேட்டார். "உங்களுக்கு இந்தச் சைகை தெரியுமோ?"

அண்ணா குனிந்தபடி, "ஓம்" என்றார்.

"கட்டிக் குடுத்தாலும் மகள் மகள்தான். உங்களுக்கு இருக்கிற உரிமை அவவுக்கும் இருக்கு" என்று நீதிபதி பொறுப்பை என்னிடமே தந்தார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். அண்ணாவுக்குத் தெரியுமே! நோயில் படுத்திருப்பவரின் முன்னால் நின்று, "இவருக்கு என்ன விளங்கும்" என்று யாராவது கதைத்தால், இன்றும் அவர்களை விலக்கிவிட்டு அந்த மனுசரைத்தான் நான் முதலில் கேட்கிறேன்.