டாக்டர் சொன்னதாகச் சொன்ன அரிசி

எங்கள் நெல்லை அரைக்க முடியாது என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். மூட்டைகளோடு போன அப்பா மூட்டைகளோடு அதே வண்டியில் திரும்பி வந்தார். வந்தவர் நேரே கொல்லைப்பக்கம் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். அம்மாதான் வண்டிக்காரரிடம் விவரம் கேட்டாள்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் மிராசுதாரிடம் குத்தகைக்கு நிலம் வாங்கி அப்பா சாகுபடி செய்துவந்தார். ஆட்சி மாறித் தெருமுனைதோறும் கருப்பு சிவப்புக் கொடி பறந்த காலம் அது. குத்தகைக்காரர்கள் தங்கள் பேரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம், பதிந்தவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. பலர் பயந்துகொண்டு பதியவில்லை. அப்பா பதிந்தார். மிராசுதார் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார், ஆள் விட்டு மிரட்டிப் பார்த்தார், பிறகு கோர்ட்டுக்குப் போனார். சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒரே மில் அவருடைய மச்சானுடையது. பாபநாசத்துக்கு ஏற்றிப் போகலாம் என்றால், அந்த வண்டிக்காரர் உட்பட யாரும் அதன்பிறகு எங்கள் மூட்டையைத் தொட முன்வரவில்லை.

வீடு நிறைய நெல் இருந்தது. அரிசிதான் இல்லை.

மாட்டுக்குப் பருத்திக்கொட்டை இடிக்க மட்டும் பயன்பட்ட பழைய உரலை அம்மா கழுவிக் கவிழ்த்தாள். அவித்துக் காயவைத்த நெல்லை அவளும் நானும் மாற்றி மாற்றிக் குத்தினோம். உமி போவதற்குள்ளேயே தோள் கழன்றுவிடும். அதற்குமேல் இன்னொரு முறை குத்தித் தவிட்டைத் தீட்டி எடுக்க எங்களுக்குத் தெம்பில்லை. அதனால் சோறு பழுப்பாகத்தான் இருந்தது. மென்று மென்று வாய் வலிக்கும். தவிட்டில் எண்ணெய் உண்டு, அது சீக்கிரம் கெட்டுப்போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. குத்தி வைத்த அரிசி சில நாளிலேயே சிக்கு வாடை அடித்ததற்கு எங்கள் வீட்டுப் பானைதான் காரணம் என்று நினைத்து, தினம் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நான் பாபநாசத்தில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் அந்த வாடை முதலில் வெளியே வரும். கூடப் படித்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவசர அவசரமாகத் தின்பேன். பிறகு பசிக்கவில்லை என்று சொல்லி டப்பா கொண்டுபோவதையே நிறுத்திவிட்டேன். காவிரித் தண்ணீர் பாயும் ஊரில் வெள்ளைச் சோறு சாப்பிடாத வீடு என்று பேர் வாங்குவது எனக்குத் துணி கிழிந்து தெருவில் நிற்பதுபோல் இருந்தது.

அந்த நேரத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தரங்கம்பாடியில் பள்ளிக்கூட உத்தியோகம். நிலமும் இருந்தது, அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். தரகர் அப்பாவிடம் அதை இரண்டு தடவை அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். தாலுகா ஆபீஸ் விவகாரம் எதையும் அவர்கள் முன்னால் எடுக்க வேண்டாம் என்பது அதற்கு அர்த்தம்.

பெண் பார்க்க வருகிறவர்கள் காபி பலகாரத்தோடு எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் அம்மா நினைத்தாள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கை நனைத்துவிட்டே போகிறோம் என்றார். சந்தோஷமான வார்த்தைதான். அம்மா பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடி, மடியில் கொஞ்சம் வெள்ளை அரிசி வாங்கி வந்தாள். அது ஆண்கள் பந்தியோடு சரியாகப் போயிற்று. பெண்கள் உட்கார்ந்தபோது அடுத்த பானையைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்பாதான் பரிமாறினார். மாப்பிள்ளையின் அம்மா இலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் சோற்றைத் தொடவில்லை. அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இந்த அரிசி எங்கண்ணே வாங்குனீங்க?"

மில்காரர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று அப்பா சொல்லியிருக்கலாம். அவர் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. சட்டப்படி பதிந்தவர். ஊரில் பாதிப் பேர் அவரை வாய்விட்டுப் பாராட்டினார்கள். ஆனாலும் அந்த இடத்தில், அந்த அம்மாள் முன்னால், அவருடைய முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன்.

"வாங்கலம்மா, வீட்டுலயே குத்துறது. தவிட்டுலதான் சத்தெல்லாம் இருக்குன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. மில்லு அரிசி வேண்டாம்னுட்டாரு."

"யாருக்கு வேண்டாம்னாரு?"

இந்தக் கேள்வி வரும் என்று அப்பா நினைக்கவில்லை. நான் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன். தப்பிக்க இடம் தேடிய அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"பாப்பாவுக்குத்தான். கொஞ்சம் சத்துக் கொறைச்சல்னாரு."

அந்த அம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. மரியாதையாகச் சாப்பிட்டு, சாம்பார் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தார். போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். இந்தச் சம்பந்தம் நடக்காது என்று அந்த வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெண்ணுக்கு ஏதோ வியாதி இருக்கிறதாமே, முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று தரகர் வந்து சத்தம் போட்டார். போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அம்மா அப்பாவை அனுப்பினாள். அவரும் சட்டை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை போனார். பஸ் வந்தது, போனது. அப்பா நடந்து வீட்டுக்கு வந்தார். குத்தகைக்காரன் தகராறு பிடித்தவன் என்று அவர்கள் நினைப்பதைவிட இது பரவாயில்லை என்று அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். யாருக்குப் பரவாயில்லை என்று அம்மா கேட்டாள். பிறகு பல நாள் அவள் அவரோடு பேசவில்லை.

பேச்சு ஊருக்குள் வர அதிக நாள் ஆகவில்லை. குளத்துப் படியில் பெண்கள் என்னிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். முதலில் முழித்தேன். பிறகு, பரவாயில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இல்லை என்று சொன்னால் அப்பா பொய் சொன்னார் என்றாகிவிடும். கொஞ்ச நாளில் எனக்கே பாதம் எரிவதுபோலவும் தலை சுற்றுவதுபோலவும் இருந்தது. உலக்கை பிடித்து உடம்பு இறுகி, வாழ்க்கையில் என்றும் இல்லாத ஆரோக்கியத்தோடு இருந்த காலம் அது என்று இப்போது தோன்றுகிறது. அன்று நோயாளிபோலக் குனிந்தே நடந்தேன்.

அடுத்த சம்பா அறுவடைக்குப் பிறகு வழக்கு பேச்சுவார்த்தையில் முடிந்தது. கொஞ்சம் நிலத்தை விட்டுக்கொடுத்து மீதியை அப்பா வைத்துக்கொண்டார். மறுநாளே மில்லுக்குப் போய், வழக்கத்தைவிட அதிகமாகத் தீட்டச் சொல்லி அரைத்துக்கொண்டு வந்தார். அம்மா தவிட்டை மாட்டுக்கு வைத்தாள். அந்த வெள்ளைச் சோற்றை மூன்று பேரும் நிறையச் சாப்பிட்டோம். எனக்கு இனித்தது. இனித்ததை நினைத்துக் கூச்சமாகவும் இருந்தது.

கல்யாணப் பேச்சு அதற்குப் பிறகு வெகுநாள் வரவில்லை. அதனால் நான் தஞ்சாவூரில் கல்லூரியில் சேர்ந்து வேதியியல் படித்தேன். தானியங்களைப் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே கூட வேலை பார்த்தவரையே தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டேன். அன்றாடம் என் கையில் தவிடு இருந்தது. அதிலிருந்து எண்ணெயைப் பிரித்தோம். அந்த எண்ணெயில் ஓரைசனால் என்று ஒன்று இருக்கிறது, கொழுப்பைக் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம் என்கிறார்கள். மேல்தோலில் ஃபெரூலிக் அமிலம் உண்டு, செல்கள் கெடுவதைத் தடுக்க உதவக்கூடும். நார்ச்சத்து, பி வைட்டமின், மெக்னீசியம் எல்லாம் மில் சீவித் தள்ளும் அந்தத் தோலிலும் முளைக்கருவிலும்தான் அதிகம். உதவலாம், உதவக்கூடும் என்றுதான் நாங்கள் எழுதுவோம். அதற்குமேல் எழுதினால் மேலதிகாரி கோடு போட்டு அடித்துவிடுவார். அப்பா வாய்க்கு வந்தபடி சொன்ன பொய், அநேகமாக உண்மை என்று என் கையாலேயே அளந்து பார்த்தேன்.

அளந்து பார்த்தும் அந்த அரிசியை என் வீட்டில் ஒருநாளும் சமைக்கவில்லை. சர்க்கரை நோயாளிகள் கூட்டம் ஒன்றில் முழுத் தானியத்தைப் பற்றிப் பேசி முடித்ததும், நீங்கள் வீட்டில் இதைத்தான் சாப்பிடுகிறீர்களா என்று ஒருவர் எழுந்து கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். பழக்கமில்லை என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

வயதான பிறகு அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது. தஞ்சாவூர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தீட்டாத அரிசி சாப்பிட்டுப் பாருங்கள் என்றார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. நானே வாங்கி அனுப்பிய கைக்குத்தல் அரிசியை அவர் தொடவில்லை என்று அம்மா தகவல் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், அதை நானே வடித்து அவருக்கு இலையில் போட்டேன். நார்ச்சத்து சர்க்கரையை மெதுவாக ரத்தத்தில் சேர்க்கும், பசியையும் தாங்கும் என்று எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிக்கொண்டே போனேன். வேறு எதையோ சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

"கொறைஞ்சிடுமா?" என்று கேட்டார்.

"கொறையலாம்ப்பா. மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாது."

அவர் குனிந்தபடியே ஒரு கவளம் எடுத்தார். மெல்ல அவருக்குப் பல் போதவில்லை. அம்மா அதைக் குழைய வேகவைத்துப் பாதிக்குப் பாதி வெள்ளைச் சோற்றில் கலந்து கொடுத்தாள். கடைசிவரை அப்படித்தான் சாப்பிட்டார். சர்க்கரை ஓரளவு இறங்கியது. அரிசியாலா மாத்திரையாலா என்று என்னால் சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்தச் சங்கதி உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

டாக்டர் பேரைச் சொல்லி அவர் சொன்ன பொய்யைத்தான் கேட்டார்.

"சொல்லலப்பா."

"சொல்லாத," என்றார்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் என் வீட்டுக்காரர் தெரிந்துகொள்வார்.