தெரியலிங்கம்

பதக்கத்தை எல்லோரும் முகத்தில் பார்ப்பார்கள். நான் விளிம்பில் பார்ப்பேன். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளப் பதக்கங்களில் முகத்தில் இருப்பது ராஜா. அதை வாங்கிய ஆளின் பெயர் விளிம்பில் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். ஹட்டனில் பழைய வெள்ளி, பித்தளை வாங்குகிற கடைகளில் இப்படிக் கிடைத்தவற்றைச் சேர்த்து, யார் எவர் என்று தேடி அலைவதுதான் என் வேலை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதெல்லாம் மிச்ச நேரத்தில்தான் என்பார் என் வீட்டுக்காரர். "செத்தவங்களுக்கெல்லாம் அட்ரஸ் தேடுறா" என்று வருகிறவர்களிடமும் கேலி பேசுவார். பேசட்டும். ஒரு மனுஷனின் பெயரை உருக்கிக் கொலுசாக்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவற்றில் ஒன்று என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு பக்கம் தீயில் பட்டுக் கறுத்திருந்தது. விளிம்பில் இருந்த ஆங்கில எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துக் கூட்டிப் படித்தேன்: தெரியலிங்கம். சோமலிங்கம் உண்டு, மகாலிங்கம் உண்டு; இது எந்த ஊர் லிங்கம்? யாழ்ப்பாணத்துப் பெயராக இருக்குமோ என்று அங்கே ஒரு சிநேகிதியிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கோயில் ஐயரிடம் கேட்டேன், சர்ச் ஃபாதரிடம் கேட்டேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களைக்கூட விடவில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரைக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற பெண்ணிடமும் கேட்டேன்.

"தெரியலிங்கம்னு யாரையாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"தெரியலீங்க, டீச்சர்."

அப்போதுதான் அது என் காதில் விழுந்தது. இத்தனை காலமும் எல்லோரும் அந்தப் பெயரையேதான் எனக்குப் பதிலாகச் சொல்லியிருக்கிறார்கள்! பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தபோது தமிழ் தெரியாத எவரோ ஒரு கிளாக்கர் இங்கிலீஷில் பெயரைக் கேட்டிருக்கிறார். கேள்வி புரியாத தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மரியாதையாக, "தெரியலீங்க" என்றிருக்கிறான். அவர் அதையே எழுதி, கடைசியில் ஒரு 'ம்'மையும் ஒட்டி லிங்கமாக்கிவிட்டார். வரிசையில் நின்றபடியே சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுபோனது. சொந்தப் பெயரைக்கூடக் கொண்டுபோக முடியாமல் சண்டைக்குப் போயிருக்கிறானே!

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். டயகம பக்கத்திலிருந்து வந்து ஹட்டனில் தங்கியிருக்கும் இளம் ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல ஒரு அம்மா இருக்காங்க, டீச்சர். அவங்கப்பா இந்தக் கதையத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாராம். ஒருத்தரும் நம்பலையாம். பட்டாளத்துப் புளுகர்னே பேரு வச்சிட்டாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமை டயகம பஸ் ஏறினேன். பதக்கத்தைக் கொடுத்துவிடத்தான் போகிறேன் என்று தெரியும். ஆனாலும் வழியெல்லாம் கைப்பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிற மாதிரி இருந்தது.

அந்த அம்மா கொழுந்து பறித்து ஓய்ந்தவர். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"மொத நாளு பட்டாளத்துப் பெரட்டுல எல்லாரையும் வரிசையா நிப்பாட்டிப் பேரு கூப்பிட்டாங்களாம். கடைசியில ஒரு பேருக்கு மட்டும் ஆளு இல்ல, ஒரு ஆளுக்கு மட்டும் பேரு இல்ல. அப்ப அது நாமதான் போலன்னு, 'வந்தேன் சார்'னு அப்பா போயி நின்னாராம். லயம் பத்திக்கிட்டப்ப மெடல் காணாமப் போச்சுங்க. அப்புறம் அவரு என்ன சொன்னாலும் சிரிப்புதான். எங்கம்மாகூட நம்பல. நானும்..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நானும் நம்பலீங்க. அவரு சாகுற வரைக்கும் நம்பல."

பதக்கத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கறுத்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இங்கிலீசு எழுத்து எனக்குத் தெரியாதுங்க. எங்கப்பா பேரு போட்டிருக்கா?"

இல்லை என்பதுதான் சரியான பதில். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் அதில் இல்லை. ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதக்கத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரட்டில் ஆள் கூப்பிடுகிற மாதிரி உரக்கப் படித்தேன்.

"தெரியலிங்கம்!"

அந்த அம்மா எழுந்து நின்றார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பக்கத்துக் காம்பரா வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"வந்தேன் சார்!"