லைல் சொன்ன குதிரைசக்தி

சர்க்கரை நோய் லைல் ஹாஸ்கின்ஸின் இடது காலை முழங்காலோடு கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தவன் மனைவி போனியிடம் முதலில் கேட்டது, "இனி கிளட்ச்ச எதால மிதிப்பேன்?" என்பதுதான். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அவன் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

தெற்கு இந்தியானாவில், சோள வயல்களுக்கு நடுவே கால் மைல் நீளத்தில் ஒரு பந்தயத் தடம் உண்டு. பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டு கார்கள் சீறிப் பாயும், யார் முந்துகிறார்கள் என்பதுதான் பந்தயம். தானியக் கிடங்கில் லாரிக்குச் சரக்கேற்றுகிற லைலை அந்த வேலையிடத்தில் ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. தடத்திலோ ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்லும். கிளட்ச் மிதித்து ஓட்டும் பழைய நோவா கார் அவனுடையது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களைக் கண்டால், "என்னப்பா, ஆடி அசஞ்சு சர்ச்சுக்குக் கெளம்பிட்டியா?" என்று வாருவான்.

இப்போது அவனுக்கே ஆட்டோமேட்டிக் வேண்டியிருந்தது. பந்தயக் கூட்டாளி கர்ட் எங்கிருந்தோ ஒரு கியர்பாக்ஸைக் கொண்டுவந்து பொருத்தினான். பாக்கி இருந்தது டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், கிளட்ச்சின் இடத்தில் உட்காரும் எண்ணெய் நிறைந்த இரும்பு உருண்டை அது. தளர்வாக இருந்தால் இன்ஜினை நன்றாக முறுக்கேறவிட்டு அப்புறம் காரைத் தள்ளும். இறுக்கமாக இருந்தால் முறுக்கேறும் முன்பே பிடித்துக்கொள்ளும். இன்ஜினின் பலத்தைச் சொல்லித்தான் செய்து வாங்க வேண்டும்.

டென்னசியில் கன்வெர்ட்டர் செய்கிறவர் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டார். காரின் எடை, டயரின் உயரம் எல்லாம் லைல் சரியாகவே சொன்னான்.

"இன்ஜின் எத்தன குதிரைசக்தி? உள்ளதச் சொல்லுங்கய்யா. கூட்டிச் சொன்னா நான் இறுக்கமா செஞ்சிருவேன். வண்டி கோட்டுலயே தூங்கிரும்."

இன்ஜின் தேய்ந்து போயிருந்தது. நானூறுகூடத் தேறாது என்று லைலுக்குத் தெரியும். ஆனால் தடத்தில் எல்லோரிடமும் அவன் சொல்லிவந்தது ஐந்நூறு. அதை அப்படியே நம்பிய கர்ட் எதிரில் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஐந்நூறுக்குக் கொறயாது," என்றான் லைல்.

வசந்தத்தில் தடம் திறந்தது. பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்துக் கார் பறந்தது. நோவா பாரம் ஏற்றிய டிராக்டரைப்போல முக்கி முனகி நகர்ந்தது. வேலியோரம் நின்ற ஒருவன், "எறங்கித் தள்ளட்டுமா பெருசு?" என்று கத்த, கூட்டம் சிரித்தது.

"அந்த டென்னசி ஆளு நம்மள ஏமாத்திட்டான்டா," என்று குதித்தான் கர்ட்.

"ஆமா," என்றான் லைல்.

கர்ட் தானே டென்னசிக்குப் போன் போட்டுத் திட்டினான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, குரல் இறங்கிப் போனை வைத்தான். "இன்ஜின ஒருதரம் மெஷின்ல வெச்சு அளந்துட்டா, அவரே பிரிச்சு மாத்திக் குடுக்குறாராம். போவமா?"

"எதுக்கு? எனக்குத் தெரியாதா என் இன்ஜின?"

கர்ட் அவனையே பார்த்தான். பிறகு தன் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். அன்றிலிருந்து அவன் வருவது குறைந்து, ஒருநாள் நின்றே போயிற்று.

"உண்மையச் சொல்லித் தொலையேன். அவன் என்ன, உன்னக் கடிச்சா திங்கப் போறான்?" என்றாள் போனி.

"காலக் குடுத்தாச்சு. இதையும் குடுன்னா எப்பிடி?"

கோடை முழுக்க நோவா கொட்டகையில் கிடந்தது. லைல் ஊன்றுகோலோடு போய் அதற்குள் உட்கார்ந்திருப்பான். வண்டியை எடுக்க மாட்டான்.

பனிக்காலத்தில் வலது பாதத்தில் புண் வந்தது. ஆறவில்லை. அந்தக் காலையும் எடுத்தார்கள்.

போனி சொல்லித்தான் கர்ட் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தான். சோளத்தின் விலை பற்றியும் பனி கொட்டுவது பற்றியும் பேசினான். கதவருகே போனவனை லைல் கூப்பிட்டான்.

"கர்ட், அந்த இன்ஜின்..."

"அத விடுப்பா," என்றான் கர்ட், திரும்பாமலே. "இனி அதுக்கு என்ன?"

பூட்ஸ் சத்தம் நடைவழியில் தேய்ந்து மறையும்வரை லைல் கேட்டுக்கொண்டிருந்தான். போனி போர்வையை இழுத்துவிட வந்தாள். அது கட்டிலின் பாதிக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது.