காலிப் பட்டியல்

ஈப்போவில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் கழுவும் டயாலிசிஸ் நிலையம் ஒன்றுக்கு, யாருக்கு என்றைக்கு முறை என்று காட்டும் புரோகிராமை எழுதியவள் நான். கவுண்டரில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால், கேள்வி கோலாலம்பூரில் இருக்கும் சர்வருக்குப் போகும். அது தேடி எடுத்துப் பதிலை அனுப்பும்.

ஆரம்பத்தில் சர்வரில் கோளாறு வந்தால் கோளாறு என்றே திரையில் வரும், சிவப்பு எழுத்தில். உடனே கவுண்டரிலிருந்து பாஸுக்குப் போன் பறக்கும்.

"அந்தச் சிவப்பு எழுத்து வரவே கூடாதுலா. பாக்கறவங்க பயப்படறாங்க," என்றார் அவர்.

"கோளாறுன்னா கோளாறுன்னுதான் சொல்லணும் பாஸ்," என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். பிறகு அவர் கேட்டபடியே மாற்றிக் கொடுத்தேன். சர்வரில் என்ன உடைந்தாலும் அதை அங்கேயே அமுக்கிவிட்டு, தேடல் நல்லபடி முடிந்த மாதிரி ஒரு காலிப் பட்டியலை அனுப்பும். போன்கள் நின்றன. பாஸ் என்னைப் பாராட்டினார்.

அடுத்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சர்வரால் சில நிமிடங்கள் தரவுத்தளத்தைத் தொட முடியவில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் ஓர் அக்கா கவுண்டரில் நின்றிருக்கிறார். சிம்பாங் பூலாய் தாண்டி, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட ஒரு பழைய எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து வருபவர். செவ்வாய், வியாழன், சனி அவர் முறை. திரையில் 'இன்று பதிவு இல்லை' என்று வந்தது. அந்த மாதம் பலருடைய நாள்களை மாற்றிக்கொண்டிருந்ததால், கவுண்டர் பெண் அதை நம்பிவிட்டாள்.

"உங்க பேரு இல்லக்கா. நாள் மாறியிருக்கும்போல. வியாழக்கிழமை வாங்க."

"காலெல்லாம் வீங்கியிருக்கும்மா," என்றிருக்கிறார் அக்கா. அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

புதன்கிழமை மூச்சு முட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வியாழக்கிழமை கவுண்டர் பெண் எனக்குப் போன் செய்து அழுதாள். "திரையில இல்லன்னுதானேக்கா இருந்துச்சு? நான் சரியாத்தானே பாத்தேன்?"

சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை ஒரு பிழைகூட இல்லை. அமுக்கும்போது, பிழையைக் குறித்துவைக்கவும் நான் எழுதியிருக்கவில்லை. தரவுத்தளத்தின் பக்கம் போய்ப் பார்த்த பிறகுதான் நடந்தது தெரிந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவுக்கு வாயில் குழாய் போட்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் அவர் கணவர், காவலாளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். சர்வர் வேலை செய்யவில்லை, அதனால் காலியாக வந்தது என்று சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"வேலை செய்யலன்னா, செய்யலன்னு காட்டாதா தங்கச்சி?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"காட்டும்," என்றேன். "நான்தான் காட்டாம செஞ்சேன்."

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. என்னை உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை.

சனிக்கிழமை அக்கா போய்விட்டார்.

திங்கட்கிழமை அதைத் திருத்தினேன். பிழை வந்தால் பிழையாகவே போகும். திரையில் 'சர்வர் பதில் தரவில்லை, நோயாளியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்' என்று வரும். எழுதிச் சோதித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தை நினைக்காத நாளில்லை.

பிறகு எங்கள் மற்ற புரோகிராம்களைத் திறந்து பார்த்தேன். அதே வரிகள் இருந்தன. என்னிடமிருந்தே மற்றவர்கள் எடுத்துப் போட்டிருந்தார்கள். பாஸிடம் காட்டினேன்.

"அதையெல்லாம் வச்சிருக்கற கஸ்டமருங்க யாரும் கம்ப்ளைண்ட் பண்ணலியே," என்றார்.

வேலையை விடவில்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். பாஸைக் கேட்காமலே ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எத்தனை பாக்கி என்று எனக்கே தெரியாது.