பெண்ணுக்குச் சித்தப்பா முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் எனக்கு எத்தனை அண்ணன்கள் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் ஒரு நாள் அண்ணன்கள். காலையில் கார் அனுப்புவார்கள், மத்தியானம் சோறு போட்டு வீட்டில் கொண்டு விடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னைக் காட்டி, "இவரு பெண்ணுக்குச் சித்தப்பா முறை" என்பார்கள். நான் கும்பிட்டுவிட்டு, உட்காரும் முன் குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன்.

என் தொழில் வீடு சோதிப்பது. வளைகுடாவில் கட்டிட கம்பெனி ஒன்றில் பல வருடம் அதைத்தான் செய்தேன். கட்டி முடித்த ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்து, வாங்குகிறவன் கண்டுபிடிப்பதற்கு முன் குறைகளைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். குறை சொல்வதற்கு ஒருவனுக்குச் சம்பளம் தருவார்கள் என்பதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை. அவள் எனக்கு அதை இத்தனை காலம் சும்மாவே செய்து தந்திருக்கிறாள்.

கம்பெனி ஆளைக் குறைத்தபோது ஊருக்கு வந்தேன். சுசீந்திரத்தில் வீட்டு முன்னால் ஒரு போர்டு வைத்தேன். புது வீடுகள் வாங்கும் முன்பும் குடியேறும் முன்பும் பரிசோதித்துத் தரப்படும் என்று எழுதியிருந்தது. முதலில் வந்தவர் கக்கூஸ் எந்தத் திசையைப் பார்த்து இருக்கலாம் என்று கேட்டார். வாஸ்து பார்ப்பதில்லை என்றதும் பின்னே என்னத்தைத்தான் பார்ப்பீர் என்று கோபப்பட்டார். இரண்டாவதாக வந்தவர், மாமியார் தூக்குப் போட்டுச் செத்த வீடு ஒன்று மலிவாக வருகிறது, உள்ளே ஏதாவது நடமாட்டம் உண்டா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். மூன்றாவதாக வந்தவர் காண்டிராக்டர். டீ குடித்தார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார், போகும்போது என் போர்டு காற்றில் ஆடுகிறது, எப்போது வேண்டுமானாலும் விழும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது கரிசனம் அல்ல என்பது புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

எங்கள் ஊரில் வீடு கட்டுகிற காண்டிராக்டர் பெரும்பாலும் மச்சினனாக இருப்பான், இல்லையென்றால் மச்சினனுக்கு மச்சினன். நான் விரிசல் என்று எழுதிக் கொடுத்தால் அது சுவரோடு நிற்காது, குடும்பத்துக்குள் ஓடும். இதெல்லாம் தெரியாமல் ஒரு பால்காய்ப்பு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரன் விமானத்தில் வந்து இறங்கிய கையோடு அன்றைக்கே பார்த்துச் சொல்லச் சொன்னான். அடுப்பைச் சுற்றிப் பெண்கள் பால் பொங்கக் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் அண்ணாந்து பார்த்து, இந்த மூலையில் தண்ணீர் இறங்குகிறது, அடுத்த மழைக்கு ஒழுகும் என்று வளைகுடாப் பழக்கத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஒரு பெரியம்மா வந்து என் வாயில் ஒரு கை சர்க்கரையை அள்ளிப் போட்டார். வாழ்த்துவதற்காக அல்ல, வாயை மூடுவதற்காக.

போர்டைக் கழற்றலாம் என்று நினைத்த சமயத்தில்தான் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கூப்பிட்டார். மகளுக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம், நீரும் கூட வாரும், ஆனால் என்ன வேலைக்கு வந்தீர் என்று தெரியக்கூடாது என்றார். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் முதலில் வீட்டைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் வீட்டுக்குள் இருக்கிற பையனைப் பார்ப்பார்கள். பெரியவர்கள் மட்டும் போவார்கள். அந்த வீட்டில் ஆயுசுக்கும் குடியிருக்கப் போகிற பெண் போகக்கூடாது. இதில் உள்ள கோணல் யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியவில்லை, பிழைப்புக் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அன்று புதுப் பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருந்த ஈரத்தைக் கண்டுபிடித்தேன். மாப்பிள்ளை வீட்டார் கூரையைச் சரி செய்தார்கள், கல்யாணம் நடந்தது, விஷயம் காதோடு காதாகப் பரவியது. அதிலிருந்து நான் மாவட்டம் முழுக்கச் சித்தப்பா. வேட்டி மடிப்பில் ஒரு கோலிக்குண்டு வைத்திருப்பேன். தவறி விழுவது மாதிரி போட்டால் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது காட்டிக் கொடுத்துவிடும். டைல்ஸை விரல் முட்டியால் தட்டினால் அடியில் சிமெண்ட் நிறையாத இடம் பொள்ளென்று கேட்கும். குளியலறையைச் சோதிக்க ஒரே வழி, போக வேண்டும் என்று கேட்பதுதான். இப்போதெல்லாம் ஒரு வீட்டில் நாலு குளியலறை இருக்கிறது. நாலுக்கும் போக வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து ஆரல்வாய்மொழி வரை வயிறு சரியில்லாத சித்தப்பா என்றால் என்னைத்தான் சொல்வார்கள்.

முடிவை அங்கே வைத்து வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு அடையாளம் வைத்திருந்தேன். தட்டில் முந்திரிக்கொத்துப் பலகாரம் இல்லாமல் எந்த வீட்டிலும் உபசாரம் கிடையாது. நான் அதை எடுத்துத் தின்றால் வீட்டில் குறை இல்லை, பேச்சை முடிக்கலாம். சுகர் இருக்கிறது என்று தள்ளி வைத்தால் குறை உண்டு, அப்புறம் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட வேண்டும்.

புதுக்கடை என்ற ஊரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர் அப்படித்தான் என்னைத் தேடி வந்தார். குடத்தைச் சுண்டிப் பார்த்தே கீறலைச் சொல்லிவிடும் ஆள், அதனால் என் தொழில்மேல் அவருக்கு மரியாதை. ஒரே மகள், மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை, மயிலாடியில் புது வீடு. வீடு மட்டும் நன்றாக இருந்தால் அங்கேயே தேதி குறித்துவிட்டு வருவேன் என்றார்.

முந்தின நாள் அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். அப்பாவின் போனிலிருந்து நம்பரை எடுத்திருக்கிறாள். நாளைக்கு எனக்குச் சித்தப்பாவாகப் போகிறது நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மாப்பிள்ளை வீடியோவில் பேசியதை அவளே சொன்னாள். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் அவன் கத்தாருக்குத் திரும்பிவிடுவானாம். இவள் வேலையை விட்டுவிட்டு மயிலாடி வீட்டில் இருக்க வேண்டுமாம். அவனுடைய அப்பாவும் அம்மாவும் பழைய வீட்டில் மூத்த மகனோடு இருக்கிறார்கள். பால்காய்ப்பு முடிந்ததிலிருந்து புது வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆள் புழங்காவிட்டால் வீடு கெட்டுப்போகுமாம்.

"அவருக்குப் பெண்டாட்டி வேண்டாம் அங்கிள், வாட்ச்மேன் போதும்" என்றாள்.

அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா முதலில் வீட்டைப் பார்த்துவிட்டு வரட்டும், வீடு நன்றாக இருந்தால் உன் மனசும் மாறும் என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள். அதனால் வீட்டில் ஒரு குறை வேண்டும், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். இருக்கிற குறையை விடமாட்டேன், இல்லாத குறையைச் சொல்லவும் மாட்டேன் என்றேன். அவள் சளைக்கவில்லை. நம்ம ஊர் காண்டிராக்டர் கட்டின வீடுதானே, குறை இல்லாமலா இருக்கும் என்றாள். எனக்கும் அந்த நம்பிக்கை பலமாகவே இருந்தது. அந்தப் பெண்ணின் வாழ்க்கை ஒரு காண்டிராக்டரின் கள்ளத்தனத்தை நம்பி இருந்தது.

மயிலாடி வீட்டு முகப்பில் கருங்கல் தூண்கள், ஒவ்வொன்றிலும் அன்னம். மாப்பிள்ளையின் தகப்பனார் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். பாத்திரக்கடைக்காரர் அவரோடு உட்கார்ந்து மழை, தேங்காய் விலை என்று பேச ஆரம்பித்தார். நான் வேலையில் இறங்கினேன்.

கோலியைப் போட்டேன். போட்ட இடத்திலேயே கிடந்தது. டைல்ஸைத் தட்டிக்கொண்டே ஹாலைச் சுற்றி வந்தேன், ஒன்றுகூடப் பொள்ளென்று சொல்லவில்லை. குளியலறைக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக ஓட்டைக்குள் போயிற்று. இரண்டாவது குளியலறையிலும் அப்படியே. மூன்றாவதுக்குக் கிளம்பியபோது மாப்பிள்ளையின் அம்மா ஓம வாட்டர் எடுத்து வைத்திருந்தார். நல்ல மனுஷி, வாங்கிக் குடித்தேன். காற்று வாங்கப் போகிறேன் என்று மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கே முந்தின நாள் மழை பெய்ததற்கு அடையாளமே இல்லை. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே இன்னொரு வீடு கட்டலாம். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆயுசில் முதல் தடவையாக ஒரு விரிசலுக்காக உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

இதை எந்தப் புண்ணியவான் கட்டினான் என்று கேட்டேன். காண்டிராக்டரே இல்லையாம். மாப்பிள்ளையின் தகப்பனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மூட்டை சிமெண்டும் கலக்குவதைக் கண்ணால் பார்த்துக் கட்டியிருக்கிறார். பிள்ளை அனுப்பின காசு, ஒரு பிடி மணல் வீணாகக்கூடாது என்றார். அவரைத் திட்டவும் வழியில்லை.

கடைசியில் மாடி அறையை அந்த அம்மா திறந்து காட்டினார். மெத்தைக்குக் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. சோபாவுக்கும் இருந்தது. ஸ்விட்சுகளின் மேல் ஒட்டின தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை.

"இதெல்லாம் இனி அவ வந்து பாத்துக்கிடட்டும். அவன் எங்க இங்க இருக்கப் போறான்" என்றார். அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஒரு கவலை தீர்ந்த மாதிரி சொன்னார். அந்த அறையில் ஒருத்தி தனியாகப் படுத்து, புரளும்போதெல்லாம் பிளாஸ்டிக் சத்தம் கேட்டு விழிப்பதை நினைத்தேன். குறை இல்லாத வீடு என்றால் எனக்குப் பிடிக்கும். இந்த வீடு பிடிக்கவில்லை.

கீழே தட்டு வந்துவிட்டது. பாத்திரக்கடைக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தின்றால் அந்தப் பெண்ணின் கதை அங்கேயே முடிந்துவிடும். தள்ளி வைத்தால் நான் பொய்யன். முந்திரிக்கொத்து ஒன்றை எடுத்தேன். வாய்வரை கொண்டுபோனேன், இறக்கினேன். மறுபடி கொண்டுபோனேன். அவர் முகம் வெளுத்தது. மாப்பிள்ளையின் அம்மா இன்னொரு டம்ளர் ஓம வாட்டர் கொண்டுவர எழுந்தார். அண்ணே, ஒரு அவசரம், உடனே கிளம்ப வேண்டும் என்றேன். என் வயிற்றைப் பற்றி அங்கே எல்லோருக்கும் நல்ல அபிப்பிராயம் இருந்ததால் யாரும் தடுக்கவில்லை.

மயிலாடி முக்கைத் தாண்டியதும் அவர் காரை ஓரமாக நிறுத்தினார். என்ன குறை என்று கேட்டார்.

"வீட்டுல ஒரு குறையும் இல்ல. உங்க மகளுக்கு இஷ்டமில்ல" என்றேன். அவள் சொன்னது, மாடி அறை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் சொன்னேன்.

அதைப் பார்க்கவா உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று கத்தினார். பிறகு குரல் இறங்கிப்போய், ஒரு விரிசல்கூடவா இல்லை, நல்லா யோசித்துப் பாரும் என்றார். மகளுக்கு இஷ்டமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும், வீட்டைச் சொன்னால்தான் ஊரில் ஏற்றுக்கொள்வார்கள் என்றார். தெரியும். ஆனால் அந்தப் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்டின வீட்டை நான் குறை சொல்ல மாட்டேன் என்றேன்.

"கள்ளம் சொல்ல மாட்டீராக்கும். சித்தப்பான்னு வந்து இருந்தது என்னவாம்?"

"அது நீங்க சொன்ன கள்ளம் அண்ணே. நான் கும்பிடு மட்டும்தான் போட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து மயிலாடிக்குப் போட்டார். வீடு பொன் மாதிரி இருக்கிறது, அதில் ஒரு சொல் சொல்ல இடமில்லை என்று ஆரம்பித்தார். அப்புறம், "எனக்க மொவளுக்கு இஷ்டமில்ல அண்ணாச்சி" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் நெடுநேரம் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, "உமக்கிட்ட சொல்லியிருக்கா. எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?" என்றார்.

"நீங்க கேட்டேளா?" என்றேன்.

காரை எடுத்தார். என்னைச் சுசீந்திரத்தில் இறக்கிவிட வேண்டும். இறக்கவில்லை. நாகர்கோவில் போயிற்று, தக்கலை போயிற்று. மார்த்தாண்டத்தில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி மகளைக் கீழே வரச் சொன்னார். அவள் நர்ஸ் உடுப்போடு ஓடி வந்தாள். என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள், அழுவதற்குத் தயாராக இருந்தாள்.

அவர் காரை விட்டு இறங்கினார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மயிலாடியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றார். கடைசியில், "ஒனக்கு எப்படிப்பட்ட ஆளு வேணும் மக்களே?" என்று கேட்டார். அவர் அந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"கூட இருக்கிய ஆளு போதும்ப்பா. வாடக வீடானாலும் எனக்குச் சரி."

பெண் வீட்டார் எல்லோரும் வாடகை வீடு போதும் என்று சொல்ல ஆரம்பித்தால் என் பிழைப்பில் மண் விழும். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்ததைப் பார்த்தபோது, விழட்டும் என்று இருந்தது.