தலைக்கு வேண்டாம், மேஜைக்கு இருக்கட்டும்

பூவைத் தலையில் வைக்க முடியாதவள் மேஜையில் வைத்தாள். என் வீட்டுப் பூ அலங்காரத்தின் முழு வரலாறும் இவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் இதை ரசனை என்பார்கள். நானும் மறுத்ததில்லை.

நான் காட்பாடிக்காரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தலை நிறைய மல்லியோடு போகிற வீட்டில் வளர்ந்தவள். ஆம்பூரில் வரன் அமைந்தபோது, கல்யாணத்தைப் பேசி முடித்த சபை மாதர் சங்கத்து அம்மா என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ரொம்ப பக்தியான குடும்பம். பூவு, நகைன்னு ஆடம்பரம் எதுவும் அவங்களுக்குப் புடிக்காது. பாத்து நடந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் அம்மாவுக்கு அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாது. கல்யாணத்தன்று எங்கள் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரையும் வெறுந்தலையோடு கொண்டுவந்து நிறுத்தினார். எதிரே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தலையிலும் ஒரு பூ இல்லை. பார்த்தாயா, நான் சொன்னேனே என்பதுபோல அம்மா என்னைப் பார்த்தார்.

என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். பூ வைக்காதே என்று அத்தை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாத சட்டத்துக்குத்தான் கெடுபிடி ஜாஸ்தி. அவர் தலையில் பூவே இல்லாதபோது என் தலையில் எப்படி இருக்கும்? கணவரின் சித்தப்பா வீட்டுப் பெண்கள் விசேஷங்களுக்குக் கனகாம்பரமும் மல்லியுமாக வருவார்கள். அவர்களைக் குடும்பத்தில் வழி தவறிய கிளை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கொஞ்சம் பொறாமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அம்மா வீட்டுக்குப் போகும்போது ஆசை தீர வைத்துக்கொள்வேன். திரும்பும்போது ரயில் பச்சகுப்பம் தாண்டியதும் பூவை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு, ஹேர்பின்னைக் கைப்பையில் ஒளித்துக்கொள்வேன். அரசாங்க வேலையில் இருக்கும் பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே போவார்கள் இல்லையா, அந்த மாதிரி. அடுத்த ஸ்டேஷன் ஆம்பூர். அங்கே இறங்குவது வேறொருத்தி.

இதில் மாமாவின் தொல்லை தனி. மாமனார் நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். பேசினால் ஒரே கேள்விதான்: "காட்பாடிக்கு எப்பம்மா போற?"

"போன வாரம்தானே மாமா போய்ட்டு வந்தேன்."

"ஓ, அப்படியா" என்று பேப்பரை விரித்துக்கொள்வார். முகம் வாடிப்போகும். நான் வீட்டில் இருப்பதே இவருக்குப் பாரமாக இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் எரியும்.

மேஜை யோசனை என் ஆபீசில் கிடைத்தது. ஷூ கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பையர் வருகிற அன்று வரவேற்பறைக்குப் பெங்களூரிலிருந்து பூ வரும், நீளக் காம்போடு, ஆளுக்கு ஆள் இடம் விட்டு நிற்கிற பூக்கள். பையர் போனதும் அவை யாருக்கும் வேண்டாம். ஒரு நாள் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் டம்ளரில் நிறுத்தினேன். அத்தை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தலைக்குத் தடை, டம்ளருக்கு இல்லை என்று புரிந்துகொண்டேன். சட்டத்தில் ஓட்டை கிடைத்தவன் விடுவானா?

ஆனால் பெங்களூர்ப் பூ தினமும் வராது. நம் ஊர் பூக்கடையிலோ பூவுக்குத் தலை மட்டும்தான் உண்டு, கழுத்து கிடையாது. எல்லாம் கட்டுவதற்கும் தொடுப்பதற்கும் பறித்தவை. டம்ளரில் போட்டால் உள்ளே விழுந்து மூழ்கிவிடும். அதனால் கடையை விட்டு வேலியோரத்துக்கு வந்தேன். தை மாதத்தில் ஆவாரம்பூ. இந்தப் பக்கத்தில் ஆவாரஞ்செடி என்றால் பெரியவர்களுக்குப் பட்டைதான் ஞாபகம் வரும், அந்தக் காலத்தில் தோல் பதனிட உரித்த பட்டை. பூவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான்கு கிளையை ஒடித்து, கம்பெனியில் கழித்த ஷூ லேஸால் கட்டி, பித்தளைச் சொம்பில் நிறுத்தினால் கூடமே மஞ்சளாகிவிடும். சித்திரையில் கொன்றை, தொங்குகிற பூ என்பதால் உயரமான பாட்டில். மழைக்குப் பிறகு பாலாற்றங்கரை நாணல், அதற்குத் தண்ணீர்கூட வேண்டாம். மார்கழியில் ஊதா டிசம்பர் பூ, இருமல் மருந்து வந்த குட்டிப் பாட்டிலில் ஒரே ஒரு கொத்து. சொம்புக்கு அடியில் வைக்க சாம்பிள் தோல் துண்டு. நிறையப் பூ போட்டால் அழகு என்பது நம் பழக்கம். எனக்குத்தான் கிடைப்பதே கொஞ்சம், அதனால் எளிமை என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் முதல்முறை பார்த்தபோது பதறிவிட்டார். "இன்னாம்மா இது, மேஜ மேல பூவு? வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?" வேலூரைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு மேஜைப் பூ என்றால் ஆஸ்பத்திரி ரூம்தான்.

"சும்மா அழகுக்கு வெச்சிருக்கேங்க."

"அழகுக்குன்னா தலையில வெய்யேன்" என்றார். அத்தையும் நானும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

அத்தை கொஞ்சம் கொஞ்சமாக இதில் தலையிட ஆரம்பித்தார். சொம்பை நகர்த்துவார், வாடியதை எடுப்பார். ஒரு நாள் சந்தைக்குப் போனவர் எனக்காகவே சாமந்தி கொண்டுவந்தார். கொல்லையில் பூத்தால் அவரே பறிப்பார். ஆனால் அவர் கை பட்டால் பூவுக்குக் கழுத்து இருக்காது, நகத்தால் கிள்ளி எடுத்துவிடுவார். "அத்தை, காம்போட பறிங்க" என்று நானும் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். "கை கேக்க மாட்டேங்குதும்மா" என்பார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். புத்திசாலி என்று பெயர் வாங்கினவளுக்கு அவ்வளவு சீக்கிரம் எதுவும் உறைப்பதில்லை.

மல்லியை மட்டும் நான் மேஜைக்கு வாங்கியதே இல்லை. மற்றப் பூ எல்லாம் கண்ணோடு போய்விடும். மல்லி வாசனையைத் தலை கேட்கும். தோல் பதனிடும் ஷாப்புப் பக்கமிருந்து காற்று திரும்புகிற சாயங்காலங்களில் அந்த ஆசை இன்னும் மோசமாகும். ஒரு முழம் பூவுக்காக வீட்டில் சண்டை எதற்கு என்று அடக்கிக்கொண்டே வருஷங்கள் போயின.

இதற்கிடையே மாமா இறந்துபோனார். அதற்கடுத்த கோடையில் கொன்றையும் முடிந்து, வேலியெல்லாம் காய்ந்துபோய், மேஜை பல நாள் காலியாகக் கிடந்தது. அத்தையும் மேஜை மாதிரியே இருந்தார். சாப்பிடுவார், ஜெபம் பண்ணுவார், டிவி முன்னால் உட்கார்ந்து டிவியைப் பார்க்காமல் இருப்பார். எதையாவது வைத்தாக வேண்டும் என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மல்லி மொட்டு மலிவாகக் குவிந்து கிடந்தது. உதிரியாக வாங்கிவந்தேன், அகலக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு மிதக்க விடலாம் என்று. முறத்தில் கொட்டிவிட்டு, குக்கர் சத்தம் கேட்டு உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் முறத்தில் பாதி மொட்டு இல்லை. அத்தை தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் கட்டைவிரலில் ஷூ தைக்கிற நூல். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் டிவியில் இருந்தது. விரல்கள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. மடியில் ஒரு முழத்துக்கு மேல் சரம்.

"அத்தை, இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

அவர் தன் கையையே அப்போதுதான் பார்த்தார். சரத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "தப்பா நெனச்சிக்காதம்மா" என்றார். "உங்க வீட்ல இதெல்லாம் ஆகாதுன்னு தெரியும். ஞாபகமில்லாம பண்ணிட்டேன்."

"எங்க வீட்லயா?"

"பொண்ணு வீட்டுக்காரங்க ரொம்ப பக்தியானவங்க, பூவு வெச்சாவே மொகம் சுளிப்பாங்கன்னு அந்தம்மா சொன்னாங்களே. அதான் கல்யாணத்துக்கு எங்காளுங்க யாரையும் வெக்க வேணாம்னு சொல்ட்டேன். நீங்கல்லாம் வந்து நின்னப்ப சரியாத்தான் சொல்லியிருக்காங்கன்னு நெனச்சேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த மாதர் சங்கத்து அம்மாவை நினைத்துக் கோபம் வந்தது. இரண்டு வீட்டையும் ஒரே வார்த்தையால் மேலே தூக்கிவிட்டுப் போயிருக்கிறார், மகராசி. அவர் பொய்யை நம்பி இரண்டு பொம்பளைகள் ஒருத்திக்கு மரியாதை என்று இன்னொருத்தி வெறுந்தலையோடு ஒரே கூரையின் கீழே திரிந்திருக்கிறோம். நான் பச்சகுப்பத்தில் வீசிய கதையைச் சொன்னேன். அத்தை வாயில் கைவைத்துச் சிரித்தார்.

"நீ காட்பாடி போற அன்னிக்கெல்லாம் நான் வெச்சுக்குவேன்" என்றார். "மாமாதான் வாங்கிட்டு வருவாரு. அவருக்கு மல்லின்னா அவ்ளோ ஆச. நீ வர்ற நேரத்துக்கு எடுத்துடுவேன்."

சிரிப்பு அவருக்குப் பாதியில் நின்றது. எனக்கும் நின்றது. காட்பாடிக்கு எப்பம்மா போற என்று அந்த மனிதர் ஏன் கேட்டார் என்று இப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்?

சாயங்காலம் கணவர் வந்ததும், "உங்கம்மா பூ வெச்சிக்கிட்டு இருந்தவங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று பிடித்துக்கொண்டேன்.

"வெப்பாங்க. அப்பறம் வெக்கல" என்றார். "வயசாய்டுச்சுன்னு நெனச்சேன்."

அவரிடம் மேற்கொண்டு பேசிப் புண்ணியமில்லை. அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டுச் சரத்தை இரண்டாக அறுத்தேன். ஒன்றை என் பின்னலில் செருகிக்கொண்டேன். ஹேர்பின்னோடு பக்கத்தில் போனதும் அத்தை தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்கும்மா? மாமாவே போய்ட்டாரு. இனிமே வெக்கக்கூடாது."

"கூடாதுன்னு யார் சொன்னாங்க?"

யோசித்தார். "யாரும் சொல்லல. சபையில இன்னா நெனப்பாங்க?"

"இப்படித்தான் அத்தை நம்ம ரெண்டு பேரும் இத்தினி வருஷமா நெனச்சிட்டு இருந்தோம்."

கழுத்தைக் கொடுத்தார். முடி மெல்லிசாகிவிட்டதால் பின் நிற்கவில்லை, இரண்டு போட வேண்டியிருந்தது. கண்ணாடி கொண்டுவரட்டுமா என்றேன். வேண்டாம் என்று எழுந்து கூடத்துக்குப் போனார். அங்கே சுவரில் மாமாவின் படம் இருக்கிறது. அதன் முன்னால் ஜெபம் பண்ணத்தான் போகிறார் என்று நினைத்தேன். அத்தை படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். மாமாவுக்குப் பூ நன்றாகத் தெரியட்டும் என்று தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார்.