வெள்ளி நிற ரேஸ் கார்

என் சகலைக்குக் குட்டிக் கார் பைத்தியம் பிடிக்க வைத்தவன் நான்தான். சித்தூரில் என் வீட்டு அலமாரியில் அப்போதே இருபது, இருபத்தைந்து பழைய ரேஸ் கார்களின் மாடல்கள் இருந்தன. என் மனைவியின் தங்கையைக் கட்டிய புதிதில் விருந்துக்கு வந்தவன், அவற்றின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றான். எங்கே வாங்குவது, எந்த பிரஷ்ஷால் தூசி தட்டுவது எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்குத் திருப்பதியில் டைல்ஸ் கடை. நான் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவன். மூன்றே வருடத்தில் அவன் அலமாரி என்னுடையதைவிடப் பெரிதாகிவிட்டது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன வருடம், நான் நாலு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த மாடலையே அவன் வாங்கிவிட்டான். முப்பதுகளில் ஐரோப்பாவில் ஓடிய, ஒருவர் மட்டும் உட்காரும் வெள்ளி நிறக் கார். மாடல் ஒரு ஜாண் நீளம். சென்னையில் ஒரு பெரியவர் தன் சேகரிப்பிலிருந்து கொடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக வரச் சொல்லி போன் செய்தான். முதலில் நான்தான் பார்க்க வேண்டுமாம்.

திருச்சானூர் ரோட்டில் அவன் வீடு. போனதும் காரை என் கையில் கொடுத்தான். சக்கரத்தின் கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கோக்கப்பட்டிருந்தன. போனட்டைத் தூக்கினால் எஞ்சினின் செம்புக் குழாய்கள். அடித்தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். எந்தக் குறையும் இல்லை.

"இது டூப்ளிகேட்டு சகலை," என்றேன். "ஒரிஜினல்ல இந்த ஸ்க்ரூ வேற மாதிரி இருக்கும்."

அவன் மறுத்துப் பேசவில்லை. என் கண்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. காரை வாங்கி, கண்ணாடி அலமாரியில் வைக்காமல், பெட்டிக்குள் போட்டு மூடினான். பிரியாணி பரிமாறும்போதும் அவன் முகம் தெளியவில்லை. நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் இருந்து என் மனைவி கேட்டாள். "தெரிஞ்சுக்கினே தான அப்படிச் சொன்னீங்க?" வண்டிச் சத்தத்தில் காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன். இரண்டு வாரம் அவளும் அதைப்பற்றிப் பேசவில்லை. ஒருநாள் தங்கையிடம் போனில் பேசிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அவன் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கார் அசல்தான், பொறாமையில் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவன் ஒரு டைல்ஸ் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். காரை அவன் எப்போதோ சென்னைக்குத் திருப்பி அனுப்பியிருந்தான்.

"கார் போனாப் போவுதுண்ணா. அந்தப் பெரியவரை நான் என்னென்ன பேசிட்டேன் தெரியுமா?"

என் எதிரிலேயே அவருக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்டான். நானும் வாங்கிப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. கார் கோயம்புத்தூரில் ஒருவருக்குப் போய்விட்டது என்றார். "இத்தினி வருசத்துல யாரும் என்னை ஏமாத்துக்காரன்னு சொன்னதில்ல தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தலை குனிந்துதான் நின்றேன். ஆனால் அந்தக் கார் இனி அவனிடம் இல்லை என்பது உள்ளே எங்கோ இனித்ததையும் மறைக்கக் கூடாது. பஸ்ஸில் சந்திரகிரி தாண்டும்வரை அந்த இனிப்பு இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

பண்டிகை, விசேஷம் என்றால் இப்போதும் வருகிறான், அண்ணா என்றுதான் கூப்பிடுகிறான். புதிதாக வாங்கும் கார்களை மட்டும் எனக்குக் காட்டுவதில்லை. சேகரிப்பாளர்களின் வாட்ஸப் குரூப்பில் படம் போடுகிறான். நான் ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கி, சக்கரம் சக்கரமாகப் பார்க்கிறேன்.